பிரம்மா, விஷ்ணு, இந்திரன்: புதுச்சேரி மண்ணில் கிடைத்த கடல் உயிரிகளுக்கு இந்தப் பெயர்கள் வந்தது எப்படி?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர் என்றால், ஜோலார்பேட்டை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். குப்பம் ஸ்டேஷன் வரும்போது இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைகள், உருண்டைக் கற்கள், நடுவில் நிலக்கடலை வயல். அங்கிருந்து உள்ளே போனால் ராமகுப்பம். ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் காதில் விழும் பகுதி. இந்த வட்டாரத்தில் வெட்டி எடுக்கும் பச்சைச் சாயல் கிரானைட், 'குப்பம் கிரீன்' என்ற பெயரில் விற்பனைக்குப் போகிறது. உங்கள் வீட்டு சமையல் மேடையில்கூட அது இருக்கலாம்.

அந்த மேடையில் சுருள் சுருளாக ஒரு கோடு தெரிந்தால், "ஃபாசில் மாதிரி இருக்கே" என்று தோன்றலாம். இல்லை. ராமகுப்பம் பாறையில் எத்தனை வருடம் தேடினாலும் ஒரு நத்தை ஓடுகூட கிடைக்காது. ஆனால் அங்கிருந்து தென்கிழக்கே, சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியின் புறநகர்க் கிராமங்களில், சுருண்ட ஓடு கொண்ட ஒரு கடல் உயிரியின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. உலக அறிவியல் அதை 'பிரம்மாய்டீஸ்' என்று அழைக்கிறது. ஆமாம், நம்ம பிரம்மாதான்.

ஒரு கல்லுக்கு ஏன் பிரம்மா பெயர்? அது ஏன் ராமகுப்பத்தில் இல்லாமல் புதுச்சேரியில் இருக்கிறது? அரியலூர் சிமெண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு: 5 வரிகளில்

- பிரம்மாய்டீஸ் என்பது அழிந்துபோன அம்மோனைட் பேரினம். சுமார் 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் வாழ்ந்தது.
- அதன் முதல் மாதிரிகள் 1840-களில் புதுச்சேரி அருகே சேகரிக்கப்பட்டவை. 1846-இல் பெயர் சூட்டியவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்.
- அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களிலும் இதே கடலின் எச்சங்கள் உள்ளன. உலக அளவில் மதிக்கப்படும் புதைபடிவப் பகுதி இது.
- அந்த முதல் மாதிரிகள் இன்று இருப்பது லண்டனில்.
- இந்தியாவில் புதைபடிவங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இல்லை. 2022-இல் ஒரு வரைவு மசோதா மட்டும் வந்தது.

அம்மோனைட் என்றால் என்ன?

பார்க்க நத்தை மாதிரி இருக்கும். ஆனால் நத்தையின் நெருங்கிய உறவு இல்லை. கணவாய், ஆக்டோபஸ் இரண்டும் இதன் நெருங்கிய சொந்தம். மீன் மார்க்கெட்டில் பார்க்கும் கணவாயை, சுருண்ட ஓட்டுக்குள் உட்கார வைத்த மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதுதான்.

ஓட்டின் உள்ளே பல அறைகள். உயிரி வசிப்பது கடைசி அறையில் மட்டும். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிவிடும். காலியான பழைய அறைகளை ஒரு மெல்லிய குழாய் இணைக்கும். அந்தக் குழாய் வழியாக அறைகளில் இருக்கும் நீரை வெளியேற்றி வாயுவை நிரப்பி, கடலில் மூழ்காமல் மிதந்தது அம்மோனைட். இன்றைய நீர்மூழ்கிக் கப்பலின் லாஜிக் இதுதான்.

தடுப்புச் சுவர் ஓட்டோடு சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அம்மோனைட்டுகளில் அது நேர்கோடாக இருக்காது. இலை விளிம்பு மாதிரி, கோலம் மாதிரி மடிந்து மடிந்து போகும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு டிசைன். ஆய்வாளர்களுக்கு அதுவே கைரேகை.

பெயர் எங்கிருந்து வந்தது? பண்டைய எகிப்தின் அம்மோன் கடவுளுக்கு ஆட்டுக்கிடாயின் சுருண்ட கொம்பு உண்டு. அந்தக் கொம்பு மாதிரி இருந்ததால் அம்மோனைட். ஆக, இந்த உயிரிக்கும் கடவுள் பெயருக்கும் பொருத்தம் ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது.

ராமகுப்பத்தில் ஏன் கிடைக்காது?

வயது வித்தியாசம்தான் காரணம். குப்பம், ராமகுப்பம் பகுதியின் அடிப்பாறை 'தார்வார் பழம்பாறைத் தொகுதி'யைச் சேர்ந்தது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமியின் ஆழத்தில் உருகி, அழுத்தப்பட்டு, உறைந்த பாறை. அது உருவானபோது பூமியில் ஓடு உள்ள உயிரி எதுவுமே பிறக்கவில்லை, இருந்ததெல்லாம் நுண்ணுயிர்கள்தான். பிறகு எப்படிப் புதையும்?

கோடிகளில் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு கணக்கு போடலாம். ராமகுப்பம் பாறை உருவான நாளை ஜனவரி 1 என்றும், இந்த நிமிடத்தை டிசம்பர் 31 நள்ளிரவு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 250 கோடி ஆண்டுகள் = 365 நாட்கள். அதாவது ஒரு நாள் என்பது சுமார் 68 லட்சம் ஆண்டுகள்.

- ஜனவரி 1: ராமகுப்பம் பாறை உருவாகிறது.
- நவம்பர் 3: அம்மோனைட் வம்சத்தின் முன்னோர்கள் கடலில் தோன்றுகிறார்கள் (சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்).
- டிசம்பர் 21, மதியம்: பிரம்மாய்டீஸ் வாழ்ந்த காலகட்டம் தொடங்குகிறது.
- டிசம்பர் 22, காலை: அம்மோனைட், டைனோசர் இரண்டும் காலி (6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்).
- டிசம்பர் 31, இரவு 11 மணி: மனிதன் வருகிறான்.
- நள்ளிரவுக்கு 2 நொடி முன்: புதுச்சேரிக் கல்லுக்கு ஃபோர்ப்ஸ் 'பிரம்மா' என்று பெயர் வைக்கிறார்.

வருடம் முழுக்கத் தேடினாலும் பிரம்மாய்டீஸுக்குக் கிடைத்தது ஒரு நாள்கூட இல்லை. அந்த நாளின் வண்டல் எங்கே படிந்ததோ அங்கே மட்டும்தான் அது கிடைக்கும்.

அப்போ புதுச்சேரியில் எப்படி?

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரே பெருங்கண்டத்தின் ஒட்டிய பகுதிகள். அவை பிரியத் தொடங்கியபோது நம் கிழக்குக் கரை ஓரமாக நிலம் விரிந்து, பள்ளங்கள் உருவாகின. அந்தப் பள்ளங்களில் ஒன்றுதான் இன்று புவியியலில் 'காவிரிப் படுகை' எனப்படுவது. கடல் உள்ளே வந்தது. வந்து, பின்வாங்கி, மறுபடி வந்தது. இந்தப் போக்குவரத்து பல கோடி ஆண்டுகள் நடந்தது. ஒவ்வொரு முறையும் சேறு, மணல், சுண்ணாம்பு, அதில் செத்து விழுந்த உயிரிகள் என அடுக்கு அடுக்காகப் படிந்தன.

அந்த அடுக்குகள் இன்று மண்ணுக்கு வெளியே தெரியும் முக்கிய இடங்கள் மூன்று: திருச்சி–பெரம்பலூர்–அரியலூர் பகுதி, விருத்தாசலம் பகுதி, புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர், சேதராப்பட்டு சுற்றுவட்டாரம். மேற்கே இருக்கும் பழம்பாறை மேடுதான் அன்றைய கரைக்கு அப்பாலிருந்த நிலம். ராமகுப்பம் பக்கம் அன்று கடல் இல்லை, தரைதான். இன்று கடற்கரைக்கு வெளியே உள்ள புறநகர் மாதிரி தெரியும் சேதராப்பட்டு, அன்று கடலடி.

பிரம்மா எப்படி உள்ளே வந்தார்?

1840-களின் தொடக்கம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் என்ற இரண்டு கம்பெனி சிவில் அதிகாரிகள், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய மூன்று பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டினார்கள். கற்கள் கப்பலேறி லண்டன் போயின. அங்கே அவற்றை ஆராயும் பொறுப்பு எட்வர்ட் ஃபோர்ப்ஸிடம் வந்தது. கடல்வாழ் உயிரிகள் ஆய்வில் அந்தக் காலத்தின் பெரிய பெயர் அவர்.

பெட்டியைத் திறந்தவருக்கு ஒரு சிக்கல்: அதுவரை பெயரே வைக்கப்படாத இனங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. பெயர் பற்றாக்குறை. மாதிரிகள் வந்த நாட்டின் தெய்வங்களிடமே போனார். 1846-இல் லண்டன் புவியியல் சங்கத்தின் வெளியீட்டில் வந்த அவருடைய அறிக்கையைப் புரட்டினால் கோயில் பிராகாரம் சுற்றி வந்த மாதிரி இருக்கும்: பிரம்மா, விஷ்ணு, சிவா, இந்திரா, சூர்யா, வருணா, கணேசா. எல்லாம் அம்மோனைட்டுகள்.

அரை நூற்றாண்டு கழித்து, வியன்னாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் காஸ்மட் 1890-களில் தென்னிந்திய அம்மோனைட்டுகளை மறுபடி ஒன்றுவிடாமல் ஆராய்ந்தார். 'அம்மோனைட்' என்ற ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் அடைப்பது சரியில்லை என்று தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தார். ஃபோர்ப்ஸின் 'பிரம்மா' இனத்தை வைத்து ஒரு புதுப் பேரினம் உருவானது. அதுதான் பிரம்மாய்டீஸ். ஃபோர்ப்ஸின் 'விஷ்ணு'வும் இதே பேரினத்துக்குள்தான் வருகிறது. பிரம்மாவுக்குள் விஷ்ணு! வகைப்பாட்டியலுக்கு சைவ, வைணவப் பஞ்சாயத்து எதுவும் தெரியாது, பாவம்.

பார்க்க எப்படி இருக்கும்?

கயிறு சுருட்டி வைத்த மாதிரி. சில அம்மோனைட்டுகளில் கடைசிச் சுற்று முந்தைய சுற்றுகளை மூடிவிடும். பிரம்மாய்டீஸில் அப்படி இல்லை. உள் சுற்றுகள் எல்லாம் வெளியே நன்றாகத் தெரியும். ஓட்டின் மேல் வரிவரியாக மேடுகள். இடையிடையே, நூலால் இறுக்கிக் கட்டிய மாதிரி பள்ளமான இறுக்கங்கள். வளர்ச்சி தற்காலிகமாக நின்று மறுபடி தொடங்கிய இடங்களாக இவற்றைக் கருதுகிறார்கள்.

பல நேரங்களில் கையில் கிடைப்பது ஓடே கிடையாது. ஓடு கரைந்து போயிருக்கும். உள்ளே புகுந்த சேறு இறுகி, ஓட்டின் அச்சாக நிற்கும். கொழுக்கட்டை அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு கொழுக்கட்டையை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி.

ஒரு சுருண்ட கல்லுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

மூன்று காரணங்கள்: அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறின, நிறைய இருந்தன, கடல் முழுக்கப் பரவின. ஒரு இனம் சில லட்சம் ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்து மறைந்தால், அது கிடைக்கும் பாறையின் வயதை அந்தக் குறுகிய காலத்துக்குள் அடக்கிவிடலாம். நாணயத்தில் இருக்கும் ஆண்டு மாதிரி.

பிரம்மாய்டீஸ் புதுச்சேரியோடு நிற்கவில்லை. ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லையில் பிஸ்கே வளைகுடாக் கரைப் பாறைகளிலும், மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பேரினம் கிடைத்திருக்கிறது. ஃபோர்ப்ஸின் 'வருணா' அண்டார்டிகா வரை போயிருக்கிறது. புதுச்சேரிக் கல்லையும் ஸ்பெயின் கல்லையும் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒரே காலம்" என்று சொல்ல முடிவது இவற்றால்தான். அந்த ஒப்பீட்டில் ஸ்பெயின் ஆய்வாளர் பயன்படுத்தும் பெயர், நம்ம ஊர் சாமி பெயர்.

அரியலூர், பெரம்பலூர் கதை

புதுச்சேரியில் இந்தப் பாறை பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் மறைந்திருக்கிறது. இதைவிட விரிவாக, அடுக்கு தவறாமல் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர் பக்கம் போக வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை நடந்து அளந்து, பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். 1862-இல் அவருடைய அறிக்கை வந்தது. அந்தப் பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

- ஊட்டத்தூர் தொகுதி: மிகப் பழையது. காரை கிராமத்தின் செம்மண் ஓடைகள், பள்ளங்கள் இதில் அடக்கம்.
- திருச்சிராப்பள்ளி தொகுதி: நடுவில் உள்ளது. கருடமங்கலத்தின் சிப்பிகள் நிறைந்த கல், பாலிஷ் போட்டால் பளிங்கு மாதிரி மின்னும்.
- அரியலூர் தொகுதி: மூன்றிலும் இளையது. பிரம்மாய்டீஸ் வாழ்ந்த காலம் இதன் மேல் அடுக்குகளோடு ஒத்துப்போகிறது.

மூன்றும் சேர்ந்தால் சுமார் 4 கோடி ஆண்டுகளின் கடல் டைரி. (பிளான்ஃபோர்ட் யார் என்று கேட்டால்: பிறகு 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவர் இவரேதான். உங்கள் போனில் வரும் மழை எச்சரிக்கைக்கும் ஊட்டத்தூர் பாறைக்கும் பொதுவான தாத்தா.)

பிளான்ஃபோர்ட் அணி சேகரித்த அம்மோனைட்டுகளை விவரித்து, படம் வரைந்து, 1860-களில் வெளியிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் குடியரசுப் பகுதியில் பிறந்தவர். 1874-இல் மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். லே நகரில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் ஆராய்ந்த அரியலூர் மாதிரிகள் கொல்கத்தாவில், புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளன.

ஃபோர்ப்ஸின் பிரம்மா? அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கப் பயன்பட்ட மாதிரிதான் அந்த இனத்தின் 'ஒரிஜினல்'. புதுச்சேரியில் நாளை ஒரு மாணவி அதே போன்ற கல்லைக் கண்டெடுத்தால், அது உண்மையிலேயே பிரம்மாய்டீஸ்தானா என்று உறுதி செய்ய ஒப்பிட வேண்டியது லண்டனில் இருக்கும் கல்லோடு.

ஏன் அழிந்தன?

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவின் யுகடான் பகுதியில் சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் மோதியது. அதே காலகட்டத்தில் நம் தக்காணத்தில் எரிமலைகள் குழம்பைக் கொட்டிக்கொண்டிருந்தன. சூரிய ஒளி மறைந்தது, கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்கள் மடிந்தன, கடல்நீரின் அமிலத்தன்மை கூடியது.

30 கோடி ஆண்டுகளுக்கும் மேல், அதற்கு முந்தைய மூன்று பெரும் அழிவுகளையும் தாண்டி வந்த அம்மோனைட் வம்சம் இதில் தப்பவில்லை. ஆனால் அதே மாதிரி ஓடு கொண்ட நாட்டிலஸ் தப்பித்தது. இன்றும் இந்தோ-பசிபிக் கடல்களில் வாழ்கிறது. ஏன் இந்தப் பாரபட்சம்? வலுவாகச் சொல்லப்படும் விளக்கம் முட்டை அளவு. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை. கடலின் மேற்பரப்பில் மிதந்து, அங்கிருந்த நுண்ணுயிர்களைத் தின்று வளர்ந்தவை. உணவு போனதும் குஞ்சும் போனது. நாட்டிலஸ் போடுவது சில பெரிய முட்டைகள், அதுவும் ஆழத்தில். கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கப் போதுமான சத்து முட்டைக்குள்ளேயே இருந்தது. சேமிப்புக் கணக்கில் பணம் இருந்த குடும்பம் லாக்டவுனைத் தாண்டிய கதைதான்.

"டைனோசர் முட்டை கிடைச்சிருக்காமே?"

2020-இல் இந்தச் செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது உருண்டையாகப் பெரிய பெரிய கற்கள் கிடைத்தன. படம் பரவியது. "டைனோசர் முட்டை" என்று தலைப்பும் ஒட்டிக்கொண்டது. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் காலக் கடல் படிவு என்று விளக்கினார்கள். கடலடியில் ஒரு ஓட்டையோ வேறு துணுக்கையோ சுற்றி, சுண்ணாம்பும் சேறும் அடுக்கடுக்காக இறுகினால் இப்படி உருண்டை வரும். வெட்டிப் பார்த்தால் நடுவில் சில நேரம் அம்மோனைட் இருக்கும்.

அரியலூர் பகுதியில் டைனோசர் எச்சமே இல்லை என்று அர்த்தமில்லை. கல்லமேடு பகுதியில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை வைத்து 1987-இல் 'புருஹத்காயோசாரஸ்' என்ற பெயர் வைக்கப்பட்டது. ஆனால் உருண்டையான ஒவ்வொரு கல்லும் முட்டை இல்லை.

சாளக்கிராமமும் அம்மோனைட்டா?

பெரும்பாலானவை, ஆமாம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லின் உள்ளே தெரியும் சக்கரம், ஜுராசிக் கால அம்மோனைட்டின் அச்சு. இமயமலை எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்தவை அவை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத் இருப்பதும் அந்தப் பக்கம்தான். வீட்டுப் பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால், உங்கள் பாட்டி தினமும் திருமஞ்சனம் செய்வது 14 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான ஒரு கடல் உயிரிக்கு. லண்டனில் உட்கார்ந்து ஃபோர்ப்ஸ் விஷ்ணு பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மவர்கள் வைத்துவிட்டார்கள்.

சிமெண்ட் எங்கே உள்ளே வருகிறது?

இங்கேதான் கதை உங்கள் வீட்டுக்குள் வருகிறது. கடல் உயிரிகளின் ஓடுகள் கோடிக்கணக்கில் சேர்ந்தால் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் இருந்தால் சிமெண்ட். அரியலூர், பெரம்பலூர், திருச்சி வட்டாரத்தில் இவ்வளவு சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்கு ஒரே காரணம், அந்தப் பழைய கடல்.

1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி நடந்த கல்லக்குடி போராட்டம் தமிழக அரசியலில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் பழைய பெயர் திரும்பிவிட்டது. ஆனால் புவியியல் நூல்களில் அங்குள்ள சுண்ணாம்புப் பாறைக்கு இன்றும் 'டால்மியாபுரம் படிவம்' என்றுதான் பெயர். ஒருமுறை வைத்த அறிவியல் பெயரை மாற்றுவது லேசில்லை.

ஒரு டன் கிளிங்கர் தயாரிக்கச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதில் எவ்வளவு புதைபடிவம் இருந்தது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாறை நொறுக்கிக்குள் போனபின் எண்ணவும் முடியாது.

இதில் வில்லன், ஹீரோ என்று பிரிப்பது எளிது. உண்மை அவ்வளவு நேராக இல்லை. சுரங்கம் வெட்டாமல் இருந்தால் பல அடுக்குகள் கண்ணுக்கே தெரிந்திருக்காது. ஆய்வாளர்கள் அளந்து எழுதிய பல பாறைச் சுவர்கள் சுரங்கம் திறந்து கொடுத்தவை. பிரச்சினை, வெட்டுவதற்கும் நொறுக்குவதற்கும் நடுவில் யாராவது பார்க்கிறார்களா என்பது. பார்த்தால் அது தரவு. பார்க்காவிட்டால் அது மூட்டை.

இன்னொரு இழப்பு சத்தமே இல்லாமல் நடக்கும். காரை மாதிரி திறந்த இடங்களில் ஒவ்வொரு மழைக்கும் புதிய புதைபடிவங்கள் வெளியே வரும். வருகிறவர்கள் ஆளுக்கொன்று பையில் போட்டுக்கொண்டால், எந்த அடுக்கில் இருந்தது என்ற தகவல் அங்கேயே செத்துவிடும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத அம்மோனைட், அலமாரிக்கு அழகு. அறிவியலுக்கு, தேதி அழிந்த ஒரு ரசீது.

சட்டம் என்ன சொல்கிறது?

புதைபடிவங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் சில இடங்களை 'தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்' என்று அறிவிக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம் அதில் ஒன்று. சுமார் 18 மீட்டர் நீளக் கல்லான மரம். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை கல்மரப் பூங்காவும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. வேலிக்குள் இருப்பதற்குப் பாதுகாப்பு உண்டு. வேலிக்கு வெளியே வயலிலும் ஓடையிலும் கிடப்பதற்கு?

இதைச் சரிசெய்ய 2022 டிசம்பரில் புவிமரபு இடங்கள் மற்றும் எச்சங்கள் பாதுகாப்பு வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. இடங்களைக் கையகப்படுத்த, சேதப்படுத்தினால் தண்டிக்க அதில் வழி இருந்தது. அதிகாரம் முழுக்க ஒரே இடத்தில் குவிகிறது, மாநிலங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இடமில்லை என்ற விமர்சனமும் வந்தது. மசோதா வரைவு நிலையைத் தாண்டவில்லை.

நீங்கள் ஒன்றைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

1. முதலில் உறுதி செய்யுங்கள். நத்தை ஓடு பெரும்பாலும் பக்கவாட்டில் கோபுரம் மாதிரி எழும். அம்மோனைட் பொதுவாகத் தட்டையாக, ஒரே தளத்தில் சுருளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.
2. எடுக்காதீர்கள். போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவோ 10 ரூபாய் நாணயமோ வைத்து எடுத்தால் அளவு தெரியும்.
3. லொகேஷனைப் பதிவு செய்யுங்கள். போனில் ஜிபிஎஸ் போதும். ஆனால் துல்லியமான இடத்தை ரீல்ஸில் போட வேண்டாம். அடுத்த வாரம் அங்கே எதுவும் மிஞ்சாது.
4. சொல்லுங்கள். அருகிலுள்ள கல்லூரி, பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ, மாவட்ட நிர்வாகத்துக்கோ, புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ ஒரு மின்னஞ்சல்.
5. சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். அது குத்தகை நிலம், உயிருக்கும் ஆபத்து. பார்க்க ஆசையாக இருந்தால், அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தனூரையும் சேர்த்தால் ஒரு வார இறுதிக்குச் சரியாக இருக்கும்.
6. ஆன்லைனில் வாங்கும் முன் யோசியுங்கள். இணையத்தில் விற்கும் பளபள அம்மோனைட்டுகள் பல மடகாஸ்கரிலிருந்து வருபவை. "அரியலூர் ஒரிஜினல்" என்று யாராவது விற்றால், அதன் இடமும் அடுக்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்த முறை பெங்களூர் ரயிலில் குப்பம் தாண்டும்போது அந்த மொட்டைப் பாறைகளை இன்னொரு தடவை பாருங்கள். அவை நம் வருடத்தின் ஜனவரி 1. ஊருக்குப் போய் வீட்டுச் சுவரில் கை வைக்கும்போது, அரியலூர் சிமெண்ட் என்றால், அது டிசம்பர் மூன்றாம் வாரம். அந்த ஒரு வாரத்தின் பக்கங்களில் நாம் படித்தது கொஞ்சம்தான். படிக்காத பக்கங்கள் காரை ஓடையிலும், சேதராப்பட்டில் யாரோ வீடு கட்டத் தோண்டும் அஸ்திவாரத்திலும் இன்னும் கிடக்கின்றன.